யாரால்? – ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியமும் நம் ஊர் எடுத்துக்காட்டுகளும்

(பாலையூற்றில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய அழைப்பிதழில் "சிறப்புச் சொற்பொழிவு நிகழ்த்தப்படும்" என்று அச்சாகியிருக்கிறது. என் பெயர் அதற்கு இரண்டு வரி கீழேதான் வருகிறது. முதல் வரியோடு வாசிப்பை நிறுத்தியவர்கள், சொற்பொழிவு தானே நடந்து வந்து மேடையேறும் என்று எண்ணியிருக்கக்கூடும். அழைப்பிதழ் எழுதியவரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். நம்முடைய அரசாங்கமும் அப்படித்தான் எழுதுகிறது. ஆங்கிலத்தில் இதைப் 'பசிவ் வொய்ஸ்' என்று படிக்கிறோம், தமிழ்ப் பாடத்தில் செயப்பாட்டுவினை என்று படிக்கிறோம். இன்று நான் பேசப்போவது இந்த ஒரு வாக்கிய வடிவத்தைப் பற்றியும், அதைக் கற்பிக்க வகுப்பறையில் நாம் சொல்லும் எடுத்துக்காட்டுகளைப் பற்றியுமே. ஆங்கிலத்தின் பெருமையைப் பேச வேறு மேடைகள் உண்டு.

எங்கள் காலத்தில் இந்தப் பாடம் ஒரு பூனையோடு தொடங்கும். 'த கெட் கில்ட் த ரட்.' பூனை எலியைக் கொன்றது. அதன் கீழே, 'த ரட் வொஸ் கில்ட் பை த கெட்.' எலி பூனையால் கொல்லப்பட்டது. இரண்டுக்கும் நடுவே கரும்பலகையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இரண்டு அம்புக்குறிகள். முன்னதைப் பின்னே போடு, பின்னதை முன்னே போடு, நடுவில் 'வொஸ்' போடு, வினையை 'வி-த்ரீ' ஆக்கு, கடைசியில் 'பை' சேர். பாடம் முடிந்தது. அதன்பிறகு மாணவனின் கொப்பியில் சிங்கம் மானையும், தச்சன் கதிரையையும், ராமன் மாம்பழத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் போடுவார்கள். இந்த வாக்கியங்களை எழுதிய எவருக்கும் அந்தச் சிங்கத்தையோ மாம்பழத்தையோ பற்றி எந்த அக்கறையும் இருந்ததில்லை.

இலங்கையிலும் இந்தியாவிலும் தலைமுறைகளாகப் புழங்கிய 'ரென் அன்ட் மார்ட்டின்' இலக்கண நூலை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதில் வரும் பி. சி. ரென், பம்பாய்ப் பக்கம் கல்வித் துறையில் பணியாற்றியவர். 1924இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவரும் அவரே. பாலைவனக் கோட்டையொன்றின் மதில்களில் இறந்த வீரர்களைத் துப்பாக்கியோடு சாத்திவைத்து எதிரியை ஏமாற்றும் காட்சி அந்த நாவலில் உண்டு. அப்படிப்பட்ட கற்பனை வாய்த்த மனிதரின் பெயர் தாங்கிய இலக்கண நூல் பரீட்சைக்கு வேண்டிய உலர்ந்த வாக்கியங்களின் களஞ்சியமாக நின்றுபோனது எனக்கு எப்போதும் வியப்புத்தான். இலக்கணம் என்றவுடன் எழுதுகிறவரின் கை தானாகவே கஞ்சத்தனம் பழகிவிடுகிறதோ என்னவோ.

தமிழில் நமக்குச் சாத்தனும் கொற்றனும் இருக்கிறார்கள். உரையாசிரியர்கள் எதைச் சொல்லித்தருவதென்றாலும் சாத்தன்தான் வருவான், உண்பான், போவான். அவனுக்கு ஊர் இல்லை, வயது இல்லை, மனைவி மக்கள் இல்லை. வடமொழி இலக்கணக்காரர்கள் இதே வேலைக்குத் தேவதத்தனை வைத்திருந்தார்கள், ஆங்கிலேயர் ஜோனையும் மேரியையும் வைத்திருக்கிறார்கள். இந்த வெற்றுப் பெயர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. கவனம் முழுவதும் விகுதியிலும் வேற்றுமையிலும் நிற்கவேண்டும், ஆளைப் பற்றிய யோசனை குறுக்கே வரக்கூடாது என்பதே அது.

ஆனால் நம் உரை மரபில் இன்னொரு வகை எடுத்துக்காட்டும் உண்டு. அங்கே உலகம் முழுவதும் உள்ளே வந்துவிடும். பதினொன்றாம் நூற்றாண்டு இலக்கணமான வீரசோழியத்தின் உரையில் கொப்பத்துப் போரும் கூடல்சங்கமத்துப் போரும் எடுத்துக்காட்டுச் செய்யுள்களில் வருகின்றன. தண்டியலங்காரத்தின் பழைய உரையில் அணியிலக்கணம் படிக்கப் போனவன் அனபாய சோழனைச் சந்தித்துவிட்டுத் திரும்புகிறான். தகடூர் யாத்திரை போன்ற நூல்கள் மறைந்துபோன பின்னரும் சில பாட்டுகளாவது நமக்குக் கிடைத்ததற்கு, அவற்றை எடுத்துக்காட்டாக மேற்கோள் காட்டிவைத்தவர்களும் ஒரு காரணம். வடமொழியில் பதஞ்சலியின் மகாபாஷ்யம் இதைவிடச் சுவையானது. பேசுகிறவன் நேரில் காணாத, ஆனால் அவன் காலத்திலேயே நடந்து ஊரறிந்த ஒரு செயலைச் சொல்ல எந்த இறந்தகால வடிவம் பொருந்தும் என்ற விதிக்கு, யவனன் சாகேத நகரை முற்றுகையிட்டதைப் பதஞ்சலி எடுத்துக்காட்டுகிறார். இலக்கண மாணவனுக்காக எழுதிய அந்தச் சிறு வாக்கியத்தை வரலாற்றாசிரியர்கள் தூக்கிக்கொண்டு போய், பதஞ்சலியின் காலத்தைக் கணிக்கும் சான்றுகளில் ஒன்றாக வைத்துவிட்டார்கள். விதி சொன்னவர் தம் நாளின் செய்தியையே எடுத்துக்காட்டியதால்தான் அது முடிந்தது. பூனையையும் எலியையும் சொல்லியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

சரி, நம் ஊரான திருகோணமலைக்கு வருவோம்.

பாலையூற்றிலிருந்து சைக்கிள் மிதித்தால் கோட்டை வாசலுக்குப் போய்விடலாம். அந்தக் கோட்டையின் கதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 1624இல் போர்த்துக்கேயரால் கட்டப்பட்டது. 1639இல் ஒல்லாந்தரால் கைப்பற்றப்பட்டது. 1782 ஜனவரியில் பிரித்தானியரால் கைப்பற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சஃப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதியால் மீட்கப்பட்டது. பின்னர் மீண்டும் ஒல்லாந்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1795இல் திரும்பவும் பிரித்தானியரால் பிடிக்கப்பட்டது. 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் ஃபிரெட்ரிக் கோட்டை என அழைக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் இந்தத் துறைமுகம் யப்பானிய விமானங்களால் குண்டுவீசப்பட்டது. 1957 ஒக்டோபரில் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் 'வொஸ்' இருக்கிறது, வி-த்ரீ இருக்கிறது, பெரும்பாலும் 'பை'யும் இருக்கிறது. செயப்பாட்டுவினை கற்பிக்க உலகத்தில் இதைவிடப் பொருத்தமான ஊர் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். முந்நூறு வருடத்துக்கு மேலாக இந்த ஊர் வாக்கியத்தின் எழுவாயில் நிற்கிறது, ஆனால் ஒரு வேலையும் செய்வதில்லை. வேலை எல்லாம் வந்தவர்களுடையது. இப்படி ஒரு பொக்கிஷம் காலடியில் கிடக்க, நாங்கள் எலியின் பிரேதத்தை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

இந்தக் கோட்டை வாக்கியங்களில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு பாடவேளை முழுவதும் வைத்துப் பார்க்கலாம். கோட்டை போர்த்துக்கேயரால் கோணேசர் கோயிலின் கற்களால் கட்டப்பட்டது. தமிழில் 'ஆல்' இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று கட்டியவரைச் சொல்கிறது, மற்றது எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதைச் சொல்கிறது. இலக்கணத்தில் கருத்தாப் பொருள், கருவிப் பொருள் என்று பிரித்தாலும் உருபு ஒன்றுதான். ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே கதவால் உள்ளே விடுவதில்லை. போர்த்துக்கேயருக்கு 'பை', கற்களுக்கு 'வித்'. நம் பிள்ளைகள் ஆளைக் கத்தியால் வெட்டியதைக் கத்தியே வெட்டியதுபோல 'கட் பை எ நைஃப்' என்று எழுதுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, தாய்மொழியின் ஒற்றை உருபுதான். 'போர்த்துக்கேயரால், கற்களால்' என்ற வாக்கியத்தை ஒருமுறை சரியாக ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளை பிறகு இதில் சறுக்குவது குறைவு.

மறுபக்கமும் உண்டு. ஆங்கிலத்தின் 'பை' எப்போதும் செய்தவனைக் காட்டாது. 'பை த போர்ச்சுகீஸ்' என்றால் போர்த்துக்கேயரால். 'பை த ஸீ' என்றால் கடலோரத்தில். 'பை 1624' என்றால் அந்த ஆண்டுக்குள். மூன்றையும் ஒரே கோட்டையைப் பற்றி எழுதலாம், மூன்றும் உண்மையாகவே இருக்கும். ஒரு மாலை வகுப்பில் இதை விளக்கிவிட்டு, ஊரைப் பற்றி நீங்களே ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று விட்டேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்ததைத் தமிழ் எழுத்தில் அப்படியே சொல்கிறேன்: 'மை அன்ட்ஸ் ஹவுஸ் பை த ஸீ வொஸ் டேக்கன் பை த ஸீ.' மாமியின் வீடு கடலோரம் இருந்தது, கடல் அதைக் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26ஐ அனுபவித்த குடும்பத்துப் பிள்ளை. ஒரே வாக்கியத்தில் ஒரே மூன்று சொல் இரண்டு தடவை வந்து இரண்டு வேலை செய்கிறது. நான் அவளுக்கு எதையும் திருத்தவில்லை. வகுப்பில் வாசித்துக் காட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் சேர் என்றாள், கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தமிழில் அதே செய்தியைச் சொன்னால் கடல்தான் எழுவாய். கடல் கொண்டது என்போம், கடலால் கொள்ளப்பட்டது என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கோட்டை வாசலுக்குத் திரும்பிப் போவோம். அங்கே நிலைக்கல்லில் இரட்டை மீன் சின்னத்தோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துகள் சிதைந்திருக்கின்றன, வாசிப்பில் கருத்து வேறுபாடுகளும் உண்டு. ஆனால் கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியையும் அதைப் பின்னால் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பதையும் அது சொல்கிறது என்பதே ஊர் வழிவழியாகக் கொண்ட பொருள். இலக்கணக் கண்ணோடு பாருங்கள். கட்டுகிறவன் பெயரும் இருக்கிறது, பிரிக்கிறவன் பெயரும் இருக்கிறது, இருவரும் எழுவாயாக நிற்கிறார்கள். வினை இருவருடைய தலையிலும் நேராக ஏறுகிறது. இதே நிகழ்ச்சியைச் சுற்றுலாக் கையேடுகளில் ஆங்கிலத்தில் வாசித்தால், கோயில் 'டிஸ்ட்ரோய்ட்' ஆனது, பின்னர் 'ரீபில்ட்' ஆனது என்று இருக்கும். யார் இடித்தார் என்பதற்கு அடுத்த பந்திவரை காத்திருக்கவேண்டும். சில கையேடுகளில் அடுத்த பந்தியிலும் வராது.

வெளியூர் எடுத்துக்காட்டுகள் நம் பிள்ளைகளிடம் என்ன பாடுபடுகின்றன என்பதற்கு யாழ்ப்பாணத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில், போர் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில், 'அமெரிக்கன் கேர்னல் லெசன்ஸ்' என்ற பாடநூல் மாணவர் கையில் இருந்தது. அமெரிக்க நகரங்களில் வேலைக்குப் போகிறவர்கள், பயணம் செய்கிறவர்கள், கடையில் சாமான் வாங்குகிறவர்கள் என்று அதன் உலகம் அமைந்திருந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் அந்த நூலை வைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் அதன் ஓரங்களில் என்ன செய்தார்கள் என்பதைக் கனகராஜா சேகரித்துப் பார்த்தார். படங்களின் மேல் கிறுக்கல், பாத்திரங்களுக்குத் தமிழ் வசனம், சினிமாப் பாட்டு வரிகள், அன்றைய அரசியல் எல்லாம் அங்கே இருந்தன. 1999இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது நூலில் இந்த ஓரக்குறிப்புகள் பெரிய இடம் பெறுகின்றன. நூலின் நடுவில் அச்சான எடுத்துக்காட்டுகள் ஒரு பக்கம், பிள்ளைகள் தாங்களே எழுதிக்கொண்ட எடுத்துக்காட்டுகள் இன்னொரு பக்கம். அந்த நூல் வந்தபிறகு உலகின் பல பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாழ்ப்பாணத்துக் கொப்பி ஓரங்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அதில் ஒரு சிறு ஆதங்கம் மட்டும்: அந்த ஓரங்களை நாம் நம் பாடநூல்களின் நடுப்பக்கத்துக்குக் கொண்டுவரவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்காகக் கொஞ்சம் தொழில் பேசுகிறேன். மாணவர்கள் பொறுத்தருள்க.

செயப்பாட்டு வடிவத்தைச் சொல்லிக்கொடுத்த அடுத்த கிழமையே ஒரு புது நோய் தொற்றும். 'த அக்சிடென்ட் வொஸ் ஹப்பன்ட்', 'மை கிரான்ட்மதர் வொஸ் டைட்' என்று எழுதத் தொடங்குவார்கள். முதல் கிழமை இந்தப் பிழை இருக்காது. நாம் சொல்லிக்கொடுத்த பிறகே வரும். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இப்படி எழுதுவதில்லை, யப்பானியரும் கொரியரும் சீனரும் எழுதுகிறார்கள், மொழியியலார் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் தர்க்கம் சரியானது. விபத்து எதையும் செய்யவில்லை, பாட்டி சாவைச் செய்யவில்லை. எழுவாய் வேலை செய்யாத இடத்தில் 'வொஸ்' போடவேண்டும் என்றுதானே சேர் சொன்னார்?

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. வீட்டில் கோப்பை விழுந்தால் பிள்ளை என்ன சொல்லும்? "அம்மா, கோப்பை உடைஞ்சு போச்சு." உடைச்சேன் என்று சொல்லாது. உடைக்கப்பட்டது என்று சொன்னால் தாய் உடனே யார் உடைத்தது என்று கேட்பாள். உடைந்தது என்றால் அந்தக் கேள்வி கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'த கப் புரோக்' என்பதும், 'ஐ புரோக் த கப்' என்பதும், 'த கப் வொஸ் புரோக்கன்' என்பதும் இதே மூன்று நிலை. திண்ணையை யாரோ மெழுகியிருக்க, திண்ணை தானே மெழுகிக்கொண்டதுபோலப் பேசும் வழக்கைத் தொல்காப்பியர் அன்றே விதியில் சேர்த்துவிட்டார், உரையாசிரியர்களும் திண்ணையையே அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார்கள். நம் சமையற்கட்டில் இருக்கும் கோப்பையை வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தால் 'வொஸ் ஹப்பன்ட்' தானாகக் குறைகிறது. விபத்து உடைந்த கோப்பையின் கட்சி, உடைக்கப்பட்ட கோப்பையின் கட்சி இல்லை என்றால் பிள்ளைக்குப் புரியும்.

இன்னொன்று. 'கெட்' போட்டு எழுதும் செயப்பாட்டு வடிவம் ஒன்று உண்டு: 'ஹீ கொட் கோட்', 'ஹீ கொட் ஹேர்ட்'. பாடநூல்கள் இதைக் கொச்சை என்று ஒதுக்கிவிடுகின்றன. ஆனால் தமிழ்க் காதுக்கு இதைப்போல எளிதானது வேறில்லை. பிடிபட்டான் என்பதற்கும் பிடிக்கப்பட்டான் என்பதற்கும் உள்ள வேற்றுமை இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியாது? பிடிபட்டவன் தன் கெட்ட நேரத்தால் அகப்பட்டவன். பிடிக்கப்பட்டவனுக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரர் நிற்கிறார். அடிபட்டான் என்றால் ஓட்டோவில் மோதியிருக்கலாம், அடிக்கப்பட்டான் என்றால் அடித்தவன் ஒருவன் இருக்கிறான். இலங்கை பூராவும் ரியூசன் வகுப்புகளில் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்கவேண்டும் என்று ஒரு பிடிவாதம் பரவியிருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. பிடிபட்டவனையும் பிடிக்கப்பட்டவனையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் முடியும் வேலைக்கு ஆங்கிலத்தில் அரை மணித்தியாலம் செலவழிப்பது வீண்.

பெயர் மறைக்கும் வேலைக்குச் செயப்பாட்டுவினை பேர்போனது. இந்த ஊரில் அறிவித்தல் பலகைகளுக்குக் குறைவில்லை. கடற்படை முகாம் வேலி நெடுகவும், துறைமுக வாசல்களிலும் 'தடைசெய்யப்பட்டுள்ளது', 'அனுமதிக்கப்படமாட்டாது', 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். எந்தப் பலகையிலும் 'நான் அனுமதிக்கமாட்டேன்' என்று எழுதி ஒருவர் கையெழுத்திட்டதில்லை. பிரதேச செயலகத்திலிருந்து வரும் கடிதத்தில் நமது விண்ணப்பம் 'பரிசீலிக்கப்படுகின்றது'. அதைக் கையில் வைத்துப் பரிசீலிக்கிறவரின் மேசை எது என்று தெரிந்தால் நாம் நேரே அங்கே போய் நின்றுவிடுவோம் அல்லவா? ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய கட்டுரையில், செய்வினையில் சொல்லக்கூடியதைச் செயப்பாட்டுவினையில் சொல்லாதே என்று விதி போட்டார். அதே கட்டுரையில் அவரே ஏராளமான செயப்பாட்டு வாக்கியங்களை எழுதியிருக்கிறார் என்று பின்னால் வந்தவர்கள் எண்ணிக் காட்டினார்கள். எண்ணியவர்கள் பக்கம்தான் நான். மருந்துச் சிட்டையில் 'சாப்பாட்டுக்குப் பின் எடுக்கவேண்டியது' என்று எழுதுவதற்கு எடுப்பவர் பெயர் வேண்டியதில்லை. பரிசோதனைக் கூடத்தில் நீர் 100 பாகைக்குச் சூடாக்கப்பட்டது என்றால் சூடாக்கிய மாணவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. வடிவத்தின் மேல் குற்றம் இல்லை. செய்தவர் முக்கியமாக இருக்கும் இடத்தில் அவரை விட்டுவிடுவதுதான் குற்றம். எந்த இடத்தில் முக்கியம் என்று தெரிந்துகொள்ளத்தான் இலக்கணம் படிக்கிறோம்.

இதற்கு மேல் நான் சொல்லப்போவது கொஞ்சம் கனமானது.

2006இல் போரின்போது நம் மாவட்டத்துச் சம்பூரிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். அவர்களில் பலர் 2015க்குப் பிறகே தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் அவர்களை 'இடம்பெயர்ந்த மக்கள்' என்று எழுதின. பெயர்தல் தன்வினை. பறவை பெயர்கிறது, வேலை மாற்றலாகி ஆசிரியர் பெயர்கிறார். ஆங்கில அறிக்கைகள் 'டிஸ்பிளேஸ்ட்' என்று எழுதின. அது செயப்பாட்டுவினை. யாரால் என்று சொல்லாவிட்டாலும், யாரோ செய்தார்கள் என்ற இடைவெளியையாவது அது விட்டுவைக்கிறது. தமிழ் வாக்கியத்தில் அந்த இடைவெளியும் இல்லை. இந்த இடத்தில் ஆங்கிலம் நம்மைவிட நேர்மையாக இருந்தது என்றே சொல்வேன்.

இன்னோர் இடத்தில் தமிழ் முந்திக்கொண்டது. காணாமல் போனோர் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னோம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் வீதியோரக் கொட்டகைகளில் தங்கள் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்திருந்த தாய்மார் அதை ஏற்கவில்லை. அவர்களுடைய பதாகைகளில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று இருந்தது. போனவன் தானாகப் போகலாம். ஆக்கப்பட்டவனுக்கு ஆக்கியவன் உண்டு. எந்த இலக்கண வகுப்பிலும் இல்லாமல், அந்தத் தாய்மார் தன்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றினார்கள். அவர்கள் செய்ததுதான் உண்மையான 'சேஞ் த வொய்ஸ்'.

ஆங்கிலத்திலும் இதே மாற்றம் நடந்தது. 'டிஸப்பியர்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. 'ஹீ வொஸ் டிஸப்பியர்ட்' என்று மாணவன் எழுதினால் சிவப்பு மை பாயும், அதுவும் 'வொஸ் ஹப்பன்ட்' வகைப் பிழைதானே. 1961இல் வெளிவந்த ஜோசப் ஹெல்லரின் 'கெட்ச் 22' நாவலில் ஒரு தாதி, படைவீரர் ஒருவரை மேலதிகாரிகள் இப்படி மறையச்செய்யப் போகிறார்கள் என்று கதாநாயகனிடம் சொல்கிறாள். அவன் அதிர்ந்துபோய், இது இலக்கணமே இல்லையே என்கிறான். அவனுக்கு ஆபத்து புரியுமுன் இலக்கணப் பிழை புரிந்துவிடுகிறது. பின்னர் 1970களில் ஆர்ஜென்ரீனாவிலும் சிலியிலும் ஆயிரக்கணக்கானோர் அப்படி மறைந்தபோது, அவர்களைக் குறித்த ஸ்பானியச் சொல்லின் வழியே அந்த 'பிழை' ஆங்கிலச் செய்தித்தாள்களில் குடியேறியது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென்று ஓர் உடன்படிக்கையை ஏற்றது, இலங்கை அதை 2016இல் உறுதிப்படுத்தியது, 2018இல் அதற்கான சட்டமும் வந்தது. ஆகவே ஆசிரியர்களே, 'வொஸ் டிஸப்பியர்ட்' என்று ஒரு பிள்ளை எழுதிவந்தால் வெட்டுவதற்கு முன் வாக்கியத்தை முழுதாக வாசியுங்கள். மேசையிலிருந்த பேனையைப் பற்றி எழுதியிருந்தால் வெட்டுங்கள். மாமாவைப் பற்றி எழுதியிருந்தால் வெட்டவேண்டாம்.

இந்த உரையில் நான் சொன்ன எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை பெரிய நிகழ்ச்சிகள். எல்லா வகுப்பிலும் போரையும் கடல்கோளையும் கொண்டுவந்து வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏழாம் தரத்துப் பிள்ளைக்குக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் போதும். அவற்றுக்கு உல்லாசப் பயணிகள் பிஸ்கட் கொடுக்கிறார்கள், கொடுக்கக்கூடாது என்று பலகை சொல்கிறது, ஆனாலும் கொடுக்கப்படுகிறது. லூர்து அன்னை ஆலயத் திருவிழாவுக்குக் கொடி ஏற்றப்படுகிறது, வீதி கழுவப்படுகிறது, தோரணம் கட்டப்படுகிறது. அங்கே யாரால் என்று கேட்டால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு, எங்கட அண்ணன்மாரால் என்பார்கள். சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் யாரால் கட்டப்பட்டன, எந்தப் போருக்காகக் கட்டப்பட்டன என்று பத்தாம் தரத்துப் பிள்ளை தேடி எழுதட்டும். பரீட்சையில் பூனை வந்தாலும் அவர்கள் சமாளிப்பார்கள். கோட்டையைப் புரட்டிப் பழகியவனுக்குப் பூனை ஒரு பொருட்டா? இதற்கு எதிர்மாறானது நடப்பதில்லை. பூனையில் மட்டும் பழகியவன் பிரதேச செயலகக் கடிதத்தின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிறான்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஆசிரிய ஆலோசகர்களிடமும், தவணை வினாத்தாள் தயாரிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'செயப்பாட்டுவினைக்கு மாற்றுக' என்ற கேள்வியை அடுத்த தவணையில் எடுத்துவிடுங்கள். செய்வினையும் செயப்பாட்டுவினையும் ஒன்றுக்கொன்று மாற்றீடு என்ற பொய்யை அந்தக் கேள்வி வருடந்தோறும் பரப்புகிறது. அதற்குப் பதிலாக நம் ஊரைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பந்தியைக் கொடுங்கள். செய்தவர் பெயர் இல்லாத வாக்கியங்களுக்குக் கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'யாரால்?' என்று எழுதி, விடையைப் பந்தியில் தேடச் சொல்லுங்கள். விடை பந்தியில் இல்லாவிட்டால், 'சொல்லப்படவில்லை' என்று எழுதும் பிள்ளைக்கும் முழுப் புள்ளி கொடுங்கள்.